குழந்தை வைத்தியர் ஹிர்ஷ்ஸ்பிரங்

நோயின் பெயராகவே நிலைத்துவிட்ட மனிதர் பலர் உளர். அவர்தம் பெயரை ஆஸ்பத்திரிகள் நாள்தோறும் உச்சரிக்கும். ஆயினும் அவர் எந்நாட்டினர், எவ்வாறு வாழ்ந்தார், எதற்காக உழைத்தார் என்று வினவுவோர் சிலரே. வைத்தியக் கல்வி பயிலும் மாணவர் எவரும் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் என்னும் தொடரைக் கேளாதிருத்தல் இயலாது. பச்சிளங்குழந்தை ஒன்றின் வயிறு உப்பி, மலங்கழியாது வருந்துமாயின், வைத்தியரின் உள்ளத்தில் எழும் பெயர்களுள் அது முதன்மையானது. அப்பெயருக்குரிய ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங் என்னும் பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம். வைத்தியம் பயிலாத மாணவரும் இவ்வரலாற்றினின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. அஃது இன்னதென்பது போகப்போக விளங்கும்.

டென்மார்க்கு தேசத்தின் தலைநகராகிய கோபன்ஹேகனில் 1830-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 14-ஆம் நாள் இவர் பிறந்தார். இவர்தம் குடும்பம் யூத குடும்பம். தந்தையார் ஆபிரகாம் மார்க்கஸ் ஹிர்ஷ்ஸ்பிரங் என்பவர் புகையிலைத் தொழிற்சாலை ஒன்றை நிறுவிப் பெருஞ்செல்வம் ஈட்டியவர். தந்தையின் தொழிலை ஏற்று நடத்தியிருப்பின் யாதொரு குறையுமின்றி வாழ்ந்திருக்கலாம். இளையவரான ஹைன்ரிக் அவ்வழியே சென்று தொழிலைப் பெருக்கினார். தாம் சேர்த்த ஓவியங்களை நாட்டிற்கு நன்கொடையாக அளித்து, இன்றும் கோபன்ஹேகனில் விளங்கும் சித்திரசாலைக்குத் தம் பெயரை வைத்துச் சென்றார். மூத்தவராகிய ஹரால்டோ வணிகத்தை விரும்பாது வைத்தியத்தை விரும்பினார். கோபன்ஹேகன் சர்வகலாசாலையில் பயின்று 1855-இல் தேர்வுற்றார்.

அக்காலத்தில் குழந்தைகளின் நோய்களைத் தனியே ஆராயும் வைத்தியர் ஐரோப்பாவிலும் அரியர். குழந்தை என்பது உருவிற் சிறிய மனிதன் என்றே பலரும் கருதினர். பெரியோர்க்கு அளிக்கும் மருந்தையே அளவு குறைத்து அளித்தலே குழந்தை வைத்தியம் என்றிருந்தது. பிறந்து சில நாட்களில் மடியும் சிசுக்களின் மரணத்திற்குக் காரணம் தேடுவோரும் மிகச் சிலரே. தனக்கு எவ்விடத்தில் நோகின்றது என்று உரைக்க வல்லதன்று சிசு. அழுகை, வாந்தி, வயிற்றின் உப்புதல், மலத்தின் நிறம், தாய் கூறும் செய்தி ஆகிய இவையே வைத்தியர்க்குக் கிடைக்கும் சான்றுகள். இச்சான்றுகளைப் பொறுமையுடன் சேர்த்து நோயை உணர்தலையே ஹிர்ஷ்ஸ்பிரங் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டார். டென்மார்க்கின் முதற் குழந்தை வைத்தியர் என்று அவரைக் கூறுவது மரபு.

1861-இல் அவர் டாக்டர் பட்டத்திற்கு எழுதிய ஆராய்ச்சி நூல், உணவுக்குழலும் சிறுகுடலும் பிறவியிலேயே அடைபட்டிருக்கும் குறையைப் பற்றியது. உணவுக்குழல் அடைபட்ட சிசு தாய்ப்பாலை விழுங்க இயலாது மூச்சுத் திணறி, சில நாட்களில் மடியும். அக்காலத்தில் அதனைக் காக்கும் வழி உலகில் எங்கணும் இல்லை. அமெரிக்காவில் காமரன் ஹெய்ட் என்னும் ரண வைத்தியர் அடைபட்ட குழலின் இரு முனைகளையும் ஒரே ரண சிகிச்சையில் இணைத்துச் சிசுவைப் பிழைப்பித்தது 1941-இல்தான். மாற்ற இயலாத நோயை ஆராய்ந்து பயன் என்ன என்று கேட்போர் அன்றும் இருந்திருப்பர். ஆயினும், எது நோய் என்று முதலில் ஒருவர் எழுதிவைத்தாலன்றிப் பின்வருவோர் அதனை மாற்ற முற்படுதல் எங்ஙனம்? ஹிர்ஷ்ஸ்பிரங்கின் பணி முழுவதும் இவ்வடிப்படையிலேயே அமைந்தது.

1870-இல் கோபன்ஹேகனில் இருந்த சிறு குழந்தை ஆஸ்பத்திரி ஒன்றில் அவர் வைத்தியராக அமர்ந்தார். 1879-இல் அரசி லூயிஸின் பெயரால் புதிய குழந்தை ஆஸ்பத்திரி ஒன்று திறக்கப்பட்டபோது அதன் தலைமை வைத்தியரானார். ஏழைகளின் குழந்தைகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளித்தல் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே வேதவசனம் ஒன்று பொறிக்கப்படவேண்டும் என்று அரசி விரும்பியதாகவும், பிணியுற்ற குழந்தைகள் கண்டு மகிழ விலங்குகளின் படங்களே வேண்டும் என்று இவர் கூறியதாகவும், அதனால் அரசியார் மனவருத்தமுற்றதாகவும் இவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். வேதவசனம் நம்மனோர்க்கு அரியதே. ஆயினும் எழுத்தறியாத மூன்று வயதுக் குழந்தையின் கண்கொண்டு நோக்கிய அவ்வைத்தியரை யாம் குறை கூறத் துணியோம். 1891-இல் பேராசிரியர் என்னும் சிறப்பும் அவருக்குக் கிடைத்தது. மேடைமீது நின்று கேட்போரை வசப்படுத்தும் ஆற்றல் அவரிடம் இல்லை என்பர். அவர் திறம் குழந்தையின் கட்டிலருகிலேயே விளங்கியது.

அவர் ஆராய்ந்த வயிற்று நோய்கள் மூன்றனை ஈண்டு எடுத்துரைப்போம். முதலாவது, குடலின் ஒரு பகுதி தன்னை அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும் நோய். நீண்ட சட்டைக் கையின் ஒரு பகுதியை மற்றொரு பகுதிக்குள் தள்ளினாற்போல இது நிகழும். நன்கு தேறிய குழந்தை, பெரும்பாலும் இரண்டு வயதிற்கு உட்பட்டது, திடீரென வீரிட்டு அழும், கால்களை வயிற்றோடு மடக்கிக்கொள்ளும், முகம் வெளுக்கும். சிறிது நேரத்தில் நோவு நீங்கி அயர்ந்து கிடக்கும். மீண்டும் நோவு வரும். பின்னர் வாந்தியும், சளியோடு கலந்த இரத்த மலமும் காணப்படும். செருகிய குடலுக்கு இரத்தவோட்டம் தடைப்பட்டு அது அழுகுமாயின் உயிர்க்கு இறுதி நேரும். இடையே நோவு நீங்கி நிற்கும் வேளையைக் கண்டு, நோய் தணிந்தது என்று பெற்றோர் ஏமாறுதலே இதன்கண் உள்ள பேராபத்து.

அக்காலத்தில் சிசுவின் வயிற்றைக் கீறிச் செய்யும் சிகிச்சை பெரும்பாலும் மரணத்திலேயே முடிந்தது. ஹிர்ஷ்ஸ்பிரங் கத்தியை நாடவில்லை. குதத்தின் வழியே நீரை மெல்லச் செலுத்தி, அந்நீரின் அழுத்தத்தாலும், வயிற்றின்மேல் கைவைத்துப் பக்குவமாக அழுத்துவதாலும், செருகிய குடலைப் பின்னோக்கித் தள்ளி விடுவித்தார். 1876-இல் இம்முறையைப் பற்றி எழுதத் தொடங்கிய அவர், 107 குழந்தைகளைப் பற்றிய முழுக் கணக்கை 1905-இல் வெளியிட்டார். அவர்களுள் இறந்தோர் நூற்றுக்கு 35 பேர். இன்றைய நோக்கில் இது பெருந்தொகையே. அன்றைய நோக்கிலோ வியக்கத்தக்க வெற்றி. அவர் காலத்திற்குப் பின் பல இடங்களில் இம்முறை கைவிடப்பட்டது. 1948-இல் அமெரிக்க ரண வைத்தியர் மார்க் ராவிச் இதன் நலத்தை மீண்டும் ஆராய்ந்து எடுத்துக்காட்டினார். இக்காலத்தில் ஒலியலைக் கருவியாலோ எக்ஸ்ரேயாலோ பார்த்துக்கொண்டே நீரையோ காற்றையோ செலுத்தும் முறை அதன் வழி வந்ததே.

இரண்டாவது, இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்து வழியை அடைக்கும் நோய். இந்நோயுற்ற சிசு பிறந்து இரண்டு மூன்று வாரம்வரை நன்றாகவே பாலுண்ணும். பின்னர் உண்ட பாலைப் பீறிட்டுக் கக்கும். கக்கியதில் பித்தத்தின் பச்சை நிறம் இராது. ஏனெனில் பித்தம் குடலிற் கலக்கும் இடத்திற்கு மேலேயே அடைப்பு உளது. கக்கிய உடனே மீண்டும் பசித்து அழும். நாளடைவில் எலும்புந் தோலுமாக மெலியும். வயிற்றைத் தடவிப் பார்க்கும் கைதேர்ந்த வைத்தியர் சிறு கொட்டையளவான கட்டி ஒன்றை வலப்புறத்தே உணரக்கூடும். இதனை முன்னரே ஓரிருவர் கண்டு எழுதியிருந்தனராயினும், இரண்டு சிசுக்களின் நோய்க்குறிகளையும் மரணத்திற்குப் பின் கண்ட உறுப்பின் நிலையையும் இணைத்து, 1888-இல் ஹிர்ஷ்ஸ்பிரங் வெளியிட்ட கட்டுரையே வைத்திய உலகின் கருத்தை இந்நோயின்பால் திருப்பியது. தடித்த தசையை மட்டும் கீறி உட்சவ்வைக் கீறாது விடும் எளிய சிகிச்சையை ஜெர்மானிய ரண வைத்தியர் ராம்ஸ்டெட் 1912-இல் வெளியிட்டார். அது முதல் இந்நோய் தீர்க்கக்கூடிய நோய்களுள் ஒன்றாயிற்று.

மூன்றாவதே அவர் பெயரைத் தாங்கிய நோய். 1886-இல் பெர்லினில் கூடிய குழந்தை வைத்தியர் சபையில், பிறந்த நாள்முதல் மலச்சிக்கலால் வருந்தி, ஓராண்டு நிறையுமுன் மடிந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி அவர் உரைத்தார். அக்கட்டுரை 1888-இல் அச்சாயிற்று. அக்குழந்தைகளின் வயிறு பெரிதும் உப்பியிருந்தது. மருந்தும் எனிமாவும் சிறிது காலம் உதவின, பின்னர் உதவவில்லை. இறந்தபின் ஆராய்ந்தபோது பெருங்குடல் அளவு கடந்து விரிந்தும், அதன் சுவர் தடித்தும், உட்புறம் புண்பட்டும் கிடந்தது. ஆனால் மலம் வெளிச்செல்லும் வழியில் கண்ணுக்குப் புலப்படும் தடை எதுவும் இல்லை. வழி திறந்திருந்தது, ஆயினும் எதுவும் செல்லவில்லை.

இப்புதிரை அவர் எவ்வாறு விடுவித்தார்? பெருங்குடலின் விரிவே பிறவிக் குறை, அவ்விரிவினாலேயே மலம் தேங்குகின்றது என்று கருதினார். கண்ட பொருளை நோக்க இஃது இயல்பான முடிவே. விரிந்து, தடித்து, புண்பட்டுக் கிடக்கும் குடலைக் காண்போர் எவரும் நோய் அவ்விடத்தே உளது என்றே கூறுவர். ஆயின் உண்மை இதற்கு நேர்மாறானது. விரிந்து கிடந்த பகுதியே நல்ல குடல். அதற்குக் கீழே, விரியாது, சாதாரணமாகத் தோன்றிய பகுதியிலேயே நோய் ஒளிந்திருந்தது.

குடலின் சுவரில், தசைகளுக்கு இடையே, நுண்ணிய நரம்பணுக் கூட்டங்கள் வலைபோல அமைந்துள்ளன. குடல் அலைபோலச் சுருங்கி விரிந்து உணவை முன்னோக்கித் தள்ளுவது அவற்றின் ஏவலால். தசைகளினிடையே உள்ள இவ்வலையை ஜெர்மானிய அறிஞர் அவுர்பாக் 1862-இலேயே விவரித்திருந்தார். சிசு கருவில் வளரும்போது இவ்வணுக்கள் குடலின் மேற்பகுதியினின்று கீழ்நோக்கிப் பரவிச் செல்லும். அப்பயணம் இடையில் நின்றுவிடுமாயின், குடலின் கடைப்பகுதிக்கு ஏவலாள் இல்லாது போகும். அப்பகுதி தளர்ந்து வழிவிட அறியாது இறுகியே நிற்கும். மேலுள்ள நல்ல குடல் அவ்வடைப்பை எதிர்த்து நாள்தோறும் போராடிப் போராடி விரிந்து தடித்துப் புண்படும். எனவே ஹிர்ஷ்ஸ்பிரங் கண்டது நோயை அன்று. நோயோடு போராடிய குடலின் காயங்களையே.

இவ்வுண்மை எளிதில் வெளிப்படவில்லை. 1901-இல் டிட்டல் என்பவர் நரம்பணுக்களின் குறைவைக் குறிப்பிட்டார்; உலகம் செவிசாய்க்கவில்லை. விரிந்த குடலை அகற்றினால் நோய் தீரும் என்று நம்பி ரண வைத்தியர் பலர் அதனை அகற்றினர். நல்ல பகுதி போயிற்று, தீய பகுதி நின்றது, நோயும் நின்றது. 1948-இல் பாஸ்டன் நகரில் ஆர்வார் ஸ்வென்சன் என்னும் ரண வைத்தியர் ஒன்றைக் கூர்ந்து கவனித்தார். விரிந்த குடலை வயிற்றின் வழியே வெளித்திறந்து விட்டால் குழந்தை நலமுறுகின்றது. அத்திறப்பை மூடினால் நோய் மீள்கின்றது. அவ்வாறாயின் விரிந்த குடல் குற்றமற்றது. குற்றம் அதற்குக் கீழே உளது என்று தெளிந்தார். அலையசைவு அற்ற கடைப்பகுதியை அகற்றி, நல்ல குடலைக் குதத்தின் அருகே இழுத்துப் பொருத்தினார். குழந்தைகள் பிழைத்தனர். அதே 1948-இல் வைட்ஹவுஸ், கெர்னோஹன் என்னும் இருவர் அப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமையைப் பல நோயாளிகளின் உறுப்புக்களை ஆராய்ந்து நிறுவினர். ஹிர்ஷ்ஸ்பிரங் பெர்லினில் உரைத்த நாள்முதல் 62 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இன்று இந்நோயை உணரும் வழியை யாவரும் அறிந்திருத்தல் நன்று. நிறைமாதத்திற் பிறந்த நலமுள்ள குழந்தைகளில் பெரும்பாலானவை முதல் 24 மணி நேரத்திற்குள்ளும், ஏறத்தாழ எல்லாமே 48 மணி நேரத்திற்குள்ளும் கருமையான முதல் மலத்தைக் கழித்துவிடும். அவ்வாறு கழியாதிருந்தாலும், வயிறு உப்பினாலும், பச்சை நிறமாகக் கக்கினாலும், தாமதியாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். ஏறத்தாழ 5,000 பிறப்புக்களில் ஒன்றில் இந்நோய் காணப்படும். ஆண் குழந்தைகளிடம் மிகுதி. மலக்குடலின் உட்சவ்வினின்று எடுத்த மிகச் சிறு துணுக்கை நுண்பெருக்கியின் கீழ் வைத்து, நரம்பணுக்கள் உளவா என்று நோக்குவதே முடிவான சோதனை.

மலச்சிக்கலுற்ற குழந்தை ஒவ்வொன்றும் இந்நோயுடையது என்று அஞ்சுதல் கூடாது. வளர்ந்த குழந்தைகளிடம் காணப்படும் மலச்சிக்கலில் மிகப் பெரும்பகுதி, நோவுக்கு அஞ்சி அடக்கிக்கொள்ளுதல், உணவு முறை முதலியவற்றால் வருவதே. அது பிறந்த நாள்முதல் தொடங்குவதன்று. வேறொரு காரணத்தையும் மறத்தலாகாது. கழுத்திலுள்ள தைராயிட் சுரப்பி பிறவியிலேயே குறைபட்டிருப்பினும் சிசுவுக்கு மலச்சிக்கல் உண்டாகும். அத்தகைய சிசு மந்தமாகக் கிடக்கும், பால் உண்ண எழுப்பவேண்டியிருக்கும், மஞ்சட்காமாலை நெடுநாள் நீடிக்கும், குரல் கரகரக்கும், நாக்குத் தடித்தும் கொப்பூழ் பிதுங்கியும் இருக்கும். பெரும்பாலான சிசுக்களிடம் முதல் வாரங்களில் இக்குறிகள் புலப்படா. ஆதலின் பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி எடுக்கும் சிறு துளி இரத்தத்தைச் சோதித்தல் இன்றியமையாதது. முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் குழந்தை மற்றையோரைப் போலவே அறிவுடன் வளரும். மாதங்கள் கடந்தபின் தொடங்கினால் இழந்த அறிவாற்றல் மீளாது. வயிற்றில் தோன்றும் குறிக்குக் காரணம் கழுத்தில் இருத்தல் கூடும் என்பது, முன்னர்க் கூறிய பாடத்தையே வேறொரு வழியில் நமக்கு உணர்த்துகின்றது.

ஹிர்ஷ்ஸ்பிரங் 1904-இல் உடல் தளர்ந்து தலைமைப் பதவியினின்று விலகினார். 107 குழந்தைகளைப் பற்றிய கணக்கு அதற்கடுத்த ஆண்டில் வெளிவந்தது. 1916-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 11-ஆம் நாள் தமது 85-ஆம் வயதில் மறைந்தார். தம் பெயர் தாங்கிய நோயினின்று ஒரு குழந்தையேனும் ரண சிகிச்சையால் முற்றும் நலமுற்றதை அவர் கண்டாரல்லர். அந்நோயின் காரணத்தையும் அறிந்தாரல்லர்.

அங்ஙனமாயின் உலகம் அவரைப் போற்றுவது எதற்கு? இரண்டு குழந்தைகள் அவர் கைகளில் மடிந்தன. மற்றையோர் பலர் அத்தகைய மரணங்களை மறைவாக விட்டுவிடுவர். வைத்தியர் தம் வெற்றிகளைச் சபையில் உரைத்தலே வழக்கம். இவரோ தம்மால் காக்க இயலாத இரு சிசுக்களின் வரலாற்றை, பிறந்த நாள்முதல் இறந்த நாள்வரை நிகழ்ந்தவற்றை, அயல்நாட்டு அறிஞர் நிறைந்த சபையில் எடுத்துரைத்தார். தாம் கண்டதைக் கண்டவாறே எழுதினார். வழியில் தடையொன்றும் காணவில்லை என்பதையும் மறையாது எழுதினார். அவ்வொரு செய்தி அவர் கொண்ட முடிவுக்குத் துணையானதன்று; எனினும் அதனை விடுத்தாரல்லர். அவர் கொண்ட முடிவு பிழைபட்டது. அவர் எழுதிய சான்றோ பிழைபடவில்லை. பின்வந்தோர் முடிவைத் தள்ளிச் சான்றைக் கொண்டு உண்மையை அடைந்தனர்.

நம் கல்லூரியின் ஆராய்ச்சிச் சாலையில் நாள்தோறும் குறிப்பெழுதும் மாணவர்க்கு யாம் கூறவிரும்புவதும் இதுவே. எதிர்பார்த்த விடைக்கு இணங்காத எண் ஒன்று வருமாயின், அதனை அழித்துவிட்டு அயலாரின் ஏட்டைப் பார்த்து எழுதும் ஆசை எவர்க்கும் எழும். அவ்வெண்ணை அழியாது விடுதலே கல்வி. இன்று நமக்கு விளங்காதது நாளை வேறொருவர்க்கு விளங்கக்கூடும். அவர்க்கு வேண்டுவது நம்முடைய உண்மையான குறிப்பு ஒன்றே. இன்று உலகெங்கும் ஆண்டுதோறும் பிறக்கும் ஆயிரக்கணக்கான சிசுக்கள் இந்நோயினின்று மீட்கப்பட்டுப் பள்ளி செல்கின்றன. அவற்றின் பெற்றோர் ஹிர்ஷ்ஸ்பிரங் என்னும் பெயரை அச்சத்தோடு கேட்டு, பின்னர் ஆறுதலோடு நினைப்பர். பெயரறியப்படாத அவ்விரு குழந்தைகளின் மரணம் வீணாகாதவாறு செய்தது அப்பெரியாரின் எழுதுகோலே.